புள்ளி வைத்த தலை

பழனியில் மொட்டை போட்டுவிட்டு வந்தவரின் தலையைச் சந்தனமெல்லாம் கழுவிப்போன மூன்றாம் நாள் பாருங்கள். முடி என்று சொல்லும்படி எதுவும் இருக்காது. ஆனாலும் அவரைச் சொட்டை என்று யாரும் சொல்லமாட்டார்கள். மயிர்க்கால் இருக்கிற இடமெல்லாம் பொடிப்பொடியாக ஒரு கருமை படர்ந்திருக்கும். நெற்றிக்கு மேலே அது எங்கே தொடங்குகிறது என்பதும் தெரியும். இவருக்கு முடி உண்டு, மழித்திருக்கிறார், அவ்வளவுதான் என்று கண் தானாகவே முடிவு கட்டிவிடும். ‘ஸ்கால்ப் மைக்ரோபிக்மென்டேஷன்’ என்றும் சுருக்கமாக எஸ்.எம்.பி. என்றும் இப்போது முடி சிகிச்சை நிலையங்களும் டாட்டூ கடைகளும் விளம்பரம் செய்வது இந்த மூன்றாம் நாள் மொட்டையைத்தான். முடியே இல்லாத தோலில் மயிர்க்கால் அளவுக்குப் பொடிப் புள்ளிகளை ஆயிரக்கணக்கில் குத்தி, மழித்த தலையின் தோற்றத்தை வரவழைக்கிறார்கள். செய்தித்தாளில் அச்சான கறுப்பு வெள்ளைப் படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால் வெறும் புள்ளிகள். கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தால் ஒரு முகம். இங்கே நடப்பதும் அதே கண்கட்டு.

இதை முடி சிகிச்சைகளின் வரிசையில் வைத்து, ‘எத்தனை சதவீதம் வெற்றி?’ என்று கேட்கும்போதுதான் பலர் இடறுகிறார்கள். எஸ்.எம்.பி. ஒரு முடியைக்கூட முளைக்க வைப்பதில்லை. உதிர்கிற முடியைத் தடுப்பதும் இல்லை. அது வரைபடம். வரைபடத்தைப் பற்றிக் கேட்க வேண்டியவை வேறு: யார் வரைகிறார், எந்த மையில், எந்த வெளிச்சத்தில் எவ்வளவு கிட்டத்திலிருந்து பார்க்கப்போகிறார்கள், பத்து வருடம் கழித்து எப்படி இருக்கும். கடைசிக் கேள்விதான் இருப்பதிலேயே கனமானது. விளம்பரங்கள் தொடாததும் அதையே. வரையப்படும் பரப்பு உயிருள்ளது, நாளுக்கு நாள் மூப்படைவது. இதை மனதில் வைத்துப் பார்த்தால், முடி போனது போகட்டும் என்று தலையை மழிக்கத் துணிந்துவிட்டவருக்கு எஸ்.எம்.பி. நன்றாகவே பயன்படும் என்றும், எப்படியாவது சொட்டையிலிருந்து தப்பித்துவிடத் தவிக்கிற இளைஞருக்கு அது ஆபத்தான முதலீடு என்றும் தெரியவரும். விளம்பரங்கள் குறிவைப்பதென்னவோ இந்த இளைஞரைத்தான்.

முதலில், மை எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்போம். நம் மேல்தோல் ஓயாமல் உதிர்ந்துகொண்டிருப்பது. ஒன்றிரண்டு மாதத்தில் முழுவதும் புதிதாகிவிடும். அங்கே விட்ட மை சில வாரங்களில் காணாமல் போகும். அதற்குக் கீழே, அடித்தோலின் மேல்பகுதியில் விட்டால்தான் நிற்கும். இன்னும் ஆழத்தில் இறங்கிவிட்டால் புள்ளி பரந்து திட்டாகிவிடும்; நிறமும் நீலம் பாயும். கார்பன் மை கறுப்புதான். ஆனால் தோலுக்குள் போகிற வெளிச்சத்தில் நீலம்தான் அதிகம் சிதறித் திரும்பி வருகிறது என்பதால், ஆழத்தில் இருக்கும் கறுப்பு நமக்கு நீலமாகத் தெரிகிறது. கைநரம்பு நீலமாகத் தெரிவதிலும் இந்தச் சிதறலுக்குப் பங்கு உண்டு. ஆக, மொத்த வித்தையும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய ஆழத்தில் நடக்கிறது. அதிலும் தலைத்தோல் எல்லா இடத்திலும் ஒரே கனமில்லை. நெற்றியோரத்தில் மெல்லிசு, பின்னந்தலையில் தடிப்பு, பழைய தழும்பு இருந்தால் அது வேறு மாதிரி. இடத்துக்கு இடம் கையின் அழுத்தம் மாற வேண்டும். அதனால்தான் தேர்ந்தவர்கள் ஒரே நாளில் முடிப்பதில்லை. மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கும் அமர்வுகள் இரண்டோ மூன்றோ, நடுவே பத்துப் பதினைந்து நாள் இடைவெளி. முதல் அமர்வில் வெளிறிய சாம்பல் நிறத்தில் இடைவெளி விட்டுக் குத்துவார்கள். பொருக்கு உதிர்ந்து தோல் ஆறிய பிறகு எங்கே மை பிடித்தது, எங்கே விட்டது என்று பார்த்து அடுத்ததை நிரப்புவார்கள். ஒரே உட்காரலில் முழுத் தலையையும் கருகருவென்று முடித்துத் தருகிறேன் என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

மை தோலுக்குள் எப்படித் தங்குகிறது என்பதை 2018-இல் பிரான்ஸின் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலி வாலில் பச்சை குத்திக் காட்டினார்கள். தோலில் உள்ள மேக்ரோபேஜ் என்ற துப்புரவு செல்கள் மைத்துகளை அந்நியப் பொருள் என்று விழுங்கிவிடுகின்றன. ஆனால் செரிக்க முடிவதில்லை. அந்த செல் சாகும்போது துகள் வெளியே விழுகிறது. பக்கத்தில் புதிதாக வந்த இன்னொரு செல் அதை எடுத்து விழுங்குகிறது. பச்சை நிலைத்திருப்பதாக நாம் நினைப்பது உண்மையில் இந்தக் கைமாற்றல்தான். ஆனால் எல்லாத் துகளும் அதே இடத்திலேயே கைமாறுவதில்லை. நுண்ணிய துகள்கள் நிணநீரோடு நிணநீர்க் கணுக்களுக்குப் போய்விடும், சில கொஞ்சம் நகரும். விளைவைக் காண ஆய்வகம் வேண்டாம். நம் ஊர்க் கிழவிகளின் முன்கையைப் பார்த்தால் போதும். சிறு வயதில் குறத்தியிடம் குத்திக்கொண்ட கோலமும் பெயரும் ஓரம் கலங்கி, கோடு தடித்து, கறுப்பு தேய்ந்து நீலம் கலந்த பச்சையாக நிற்கும். கையில் அது அழகு. அதே கலங்கல் நெற்றியோரத்தில் வந்தால், மயிர்க்கால் என்று எந்தக் கண்ணும் நம்பாது.

மை மாறுவது ஒரு பக்கம். தலை மாறுவது இன்னொரு பக்கம். ஆண்களுக்கு வரும் சொட்டை நின்றுவிட்ட விபத்து இல்லை, நடந்துகொண்டே இருக்கும் ஒன்று. டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உருவாகும் டி.எச்.டி. என்ற ஹார்மோனுக்கு, மரபால் கூச்சம் கொண்ட மயிர்க்கால்கள் சுற்றுக்குச் சுற்று சிறுத்துப்போகின்றன. கனத்த முடி பூனைமுடியாகி, பிறகு அதுவும் இல்லாமல் போகிறது. பருவமடையும் முன் விதைநீக்கம் செய்யப்பட்டவர்களுக்குச் சொட்டை விழுவதில்லை என்பதை 1942-இல் ஜேம்ஸ் ஹாமில்டன் பதிவு செய்தார். அவர் வகுத்த படிநிலைகளை 1975-இல் ஓட்டார் நார்வுட் திருத்தி ஏழாக்கினார். இன்றும் மருத்துவர்கள் அந்த ஏழைத்தான் சொல்கிறார்கள். இருபத்து மூன்று வயதில் மூன்றாம் படியில் இருப்பவர் நாற்பதில் ஆறில் இருக்கலாம், மூன்றிலேயே நிற்கவும் செய்யலாம். யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இன்று ஏறிய நெற்றியின் இரண்டு மூலைகளில் மட்டும் புள்ளி நிரப்பினால், நாளை அதற்குப் பின்னால் உள்ள முடி போய்விடும். முன்னே ஒரு கறுப்புப் பட்டை, நடுவே வெறுந்தோல், பின்னே முடி என்று தலை மூன்று தேசமாகப் பிரிந்து நிற்கும். பிறகு மழிப்பதையும் மேலும் மேலும் குத்திக்கொண்டு போவதையும் தவிர வழியில்லை. நரை வேறு இருக்கிறது. காதோரம் வெளுத்துவிட்ட ஐம்பத்தைந்து வயதுக்காரரின் உச்சியில் மட்டும் இருபது வயதுக் கருமை இருந்தால் பேசாமலே அது கதை சொல்லிவிடும்.

இதனாலேயே, வரைவது குறைவாகவும் மங்கலாகவும் இருந்தால் நல்லது என்கிறேன். நெற்றிக்கோட்டைப் புருவத்துக்குக் கிட்டே இறக்கி, ஸ்கேல் வைத்தது போல நேராக வெட்டி, மூலைகளைக் கூராக்கித் தரச் சொல்லிக் கேட்கிறவர்கள் நிறைய. சமூக ஊடக விளம்பரப் படங்களில் பளிச்சென்று விழுவதும் அந்தக் கோடுதான். பிறவியிலேயே அப்படியொரு கோடு யாருக்கும் இல்லை. இயல்பான நெற்றியோரத்தில் முடி கலைந்து, சற்று முன்னும் பின்னுமாக, அடர்த்தி குறைந்து தொடங்கும். முப்பது வயதைத் தாண்டிய ஆண்களில் பெரும்பாலானோருக்கு மூலைகள் கொஞ்சமாவது ஏறியிருக்கும். ஏறிய மூலையை ஏறியபடியே விட்டு வரைந்தால் ஐம்பதிலும் அது பொருந்தும். மை மங்கிப்போவதைக் குறையாகப் பேசுகிறார்கள். நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறதே, மறுபடி செலவுதானே என்கிறார்கள். செலவு மெய். ஆனால் மங்குவது ஒரு பாதுகாப்பும்கூட. ஒவ்வொரு முறையும் தலை அப்போது இருக்கும் நிலையைப் பார்த்து நிறத்தையும் கோட்டையும் திருத்திக்கொள்ள அது வாய்ப்புத் தருகிறது. இத்தாலியில் ‘டிரைக்கோபிக்மென்டேஷன்’ என்ற பெயரில், ஓரிரு ஆண்டில் உடல் தானாகவே அகற்றிவிடும் நிறமியை வைத்தும் இதைச் செய்கிறார்கள். முதல்முறை முயல்பவருக்கு அந்த வகைதான் புத்திசாலித்தனம். கறுப்பு மையை எடுக்க 1064 நானோமீட்டர் அலைநீள லேசர் இருக்கிறது, உண்மை. ஆனால் செம்மை பாய்ந்த பழுப்பு நிறத்துக்காக இரும்பு ஆக்சைடு கலந்த மை குத்தியிருந்தால், லேசர் பட்டதும் அது வெளுப்பதற்குப் பதில் இன்னும் கறுத்துவிடக்கூடும். மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் லேசர் பட்ட இடம் வெளிறித் திட்டாகும் அபாயமும் கூடுதல்.

இவ்வளவு தொல்லைக்குப் பதில், உண்மையான முடியையே நட்டுக்கொள்ளலாமே என்று கேட்பது நியாயம். முடிந்தவர்கள் அதைத்தான் செய்ய வேண்டும். பின்னந்தலை முடி எங்கே நட்டாலும் தன் குணத்தை விடாது என்று நியூயார்க்கின் நார்மன் ஓரென்ட்ரைக் 1959-இல் எழுதியதிலிருந்து அந்தத் துறை வெகுதூரம் வந்துவிட்டது. 1988-இல் மினாக்சிடில், 1997-இல் ஃபினாஸ்டரைடு என்று அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்துகளும், மருத்துவர் மேற்பார்வையில் தொடர்ந்து பயன்படுத்தினால் பலருக்குப் பலன் தருகின்றன. நிறுத்தினால் சில மாதங்களில் பலனும் போய்விடும். ஆனால் பின்னந்தலை ஒரு வரம்புள்ள கையிருப்பு. ஆறாம், ஏழாம் படிக்குப் போய்விட்ட தலையை அடர்த்தியாக மூட அந்தக் கையிருப்பு காணாது. அப்படிப்பட்டவரிடம் ‘முழுத் தலைக்கும் முடி’ என்று சொல்பவரைவிட, ‘மழித்த தோற்றம் மட்டும்தான் தர முடியும்’ என்று சொல்பவர் நேர்மையானவர். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த நுட்பத்தை மருத்துவ இதழ்களில் கொண்டுவந்தவர்கள், பெரும்பாலும் முடி மாற்று அறுவை கெட்டுப்போனவர்களோடு மல்லுக்கட்டியவர்கள்தான். பின்னந்தலையில் பட்டையாகத் தோலை வெட்டி எடுத்த இடத்தில் காதுக்குக் காது ஓடும் வெள்ளைத் தழும்பை மறைப்பதற்கு, சுற்றியுள்ள முடியின் நிறத்தில் புள்ளி வைப்பதைவிட எளிய வழி கிடையாது. மூளை அறுவைத் தழும்பு, தீக்காயத் தழும்பு ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். தழும்புத் தோல் மையைச் சீராகப் பிடிக்காது, பொறுமையாக நாலைந்து முறை தொட வேண்டும். இருந்தாலும் அந்தத் தழும்பு மாறப்போவதில்லை. மாறாத பரப்பில் வரையும்போது மேலே சொன்ன காலச் சிக்கல் பாதி தீர்ந்துவிடுகிறது.

பெண்களின் கணக்கு வேறு. அவர்களுக்குப் பெரும்பாலும் நெற்றிக்கோடு அப்படியே இருக்க, வகிடுதான் அகலமாகிக்கொண்டு போகும். வகிட்டின் இருபக்கமும் தோலைச் சற்றுக் கறுக்க வைத்தால், முடிக்கும் தோலுக்கும் உள்ள வேறுபாடு குறைந்து அடர்த்தியாகத் தோன்றும். கருமுடியும் மாநிறமும் உள்ள நம்மவர்களுக்கு இந்த வேறுபாடு முன்னமே குறைவு என்பதால் லேசாகத் தொட்டாலே போதும். மழிக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் முதலில் உதிர்வுக்குக் காரணம் தெரிந்தாக வேண்டும். பிரசவம் முடிந்த மூன்றாம் மாதம், டெங்கு, டைபாய்டு போன்ற காய்ச்சலுக்குப் பிறகு, தைராய்டு கோளாறிலும் இரும்புச்சத்துக் குறைவிலும் கொத்துக்கொத்தாகக் கொட்டும் முடி, காரணம் சரியானால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். அங்கே போய்ப் புள்ளி வைப்பது அவசரக்குடுக்கை வேலை. புழுவெட்டும் அப்படித்தான். பெயரில் புழு இருந்தாலும் அது உடலின் எதிர்ப்புச் சக்தி தன் மயிர்க்கால்களையே தாக்கும் நோய். ஒரு திட்டில் முடி முளைக்கும், வேறோரிடத்தில் விழும். 2022-இல் பாரிசிட்டினிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்த பிறகு கடுமையான புழுவெட்டுக்கும் சிகிச்சை இருக்கிறது. வருடக்கணக்கில் முடி வராமலே நின்றுவிட்டவருக்குத்தான் புள்ளி. சொரியாசிஸ், வெண்புள்ளி, லைக்கன் பிளானஸ் இருப்பவர்களுக்கு ஊசி பட்ட இடத்திலெல்லாம் அந்த நோயே கிளம்பக்கூடும். காதில் தோடு குத்திய இடம் தடித்துக் கீலாய்டு ஆனவர்கள் இந்தப் பக்கமே போகாமலிருப்பது நல்லது. ஆகவே டாட்டூ கடைக்கு முன் தோல் மருத்துவரின் வாசல்.

சொட்டை நோயே இல்லையே, அப்படியே விட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. ரஜினிகாந்த் திரைக்கு வெளியே சொட்டைத் தலையோடும் நரைத்த தாடியோடும்தான் மேடையேறுகிறார். அவர் மவுசு குறைந்துவிட்டதா என்பார்கள். இல்லைதான். ஆனால் அவர் மவுசை ஏற்கெனவே சம்பாதித்துவிட்டு அப்படி வந்து நிற்பவர். வரன் தேடும் இருபத்தெட்டு வயதுப் பையனிடம் அதைச் சொல்வது ஆறுதலாகாது. ‘இது ஏமாற்றுதானே’ என்ற ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது. 2019-இல் வந்த ‘பாலா’ இந்திப் படத்தில் ஆயுஷ்மான் குரானாவின் பாத்திரம் விக் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டு அகப்பட்டுக்கொள்ளும். விக்கின் கோளாறே, கழற்றும் ஒரு கணம் எப்போதும் காத்திருப்பது. எஸ்.எம்.பி.யில் கழற்ற எதுவும் இல்லை. மழித்த தலைக்காரர் என்று தெரிந்துதான் எதிராளி பழகுகிறார். கறுப்பு டை பூசிய மீசையைவிடப் பெரிய பொய் இதில் இல்லை. கல்யாணம் பேசுமிடத்தில் வாயைத் திறந்து சொல்லிவிடுவது எப்படியும் நல்லது. உச்சியைத் தடவினால் தெரிந்துவிடும்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் சற்றும் விட்டுக்கொடுக்கக் கூடாது. எஸ்.எம்.பி.க்குப் பயன்படுவது பெரும்பாலும் கறுப்பை நீர்க்கவைத்த சாம்பல் நிற மைகள். 2011-இன் பிற்பகுதியில் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் ஒரே டாட்டூ கலைஞரிடம் பச்சை குத்திக்கொண்ட 19 பேருக்குத் தோலில் விடாப்பிடியான தடிப்புகள் கிளம்பின. காசநோய்க் கிருமியின் உறவான மைக்கோபாக்டீரியம் கெலோனேதான் காரணம். முன்கூட்டியே நீர்க்கவைத்துக் குப்பியிலடைத்து வந்த சாம்பல் மையிலேயே அது இருந்தது. கலைஞரிடம் சுத்தக்குறைவு எதுவும் இல்லை. ஆகவே ஊசி புதிதா என்று பார்ப்பதோடு நிற்காமல், மைக்குப்பி முத்திரை உடைபடாமல் கண்முன் திறக்கப்படுகிறதா, குழாய்த் தண்ணீர் கலக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். ஒரே ஊசி இருவருக்கென்றால் மஞ்சள் காமாலை பி, சி முதல் எச்.ஐ.வி. வரை பரவ வழி உண்டு. தோலுக்குள் செலுத்துவதற்கென்று எந்த நிறமிக்கும் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புதல் தந்ததில்லை, ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியிலிருந்து டாட்டூ மைகளில் 4,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்களுக்கு வரம்பு விதித்திருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுத்தால் தோல் வெந்துவிடும் என்று ஒரு பயமும் உலவுகிறது. பச்சை குத்திய 330 பேரைப் படம்பிடித்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரே ஒருவருக்கு லேசான அசௌகரியம், அவ்வளவுதான்.

இதை மருத்துவர்தான் செய்ய வேண்டுமா? அழகாகப் புள்ளி வைக்கும் கை எம்.பி.பி.எஸ். பட்டத்தோடு கிடைப்பதில்லை, பார்க்கப்போனால் நல்ல வேலைகளில் பாதி டாட்டூ கலைஞர்களுடையவை. ஆனால் அழகு நிலையம் மருத்துவமனையாக வேடம் போட்டால் என்ன ஆகும் என்பதைச் சென்னை 2016-இல் பார்த்தது. முடி மாற்று செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அந்த அறுவையை யார் செய்யலாம் என்று வரையறுத்தது. புள்ளி வைப்பதில் அத்தகைய உயிராபத்து இல்லையென்றாலும், உதிர்வின் காரணத்தைச் சொல்வதும் மரத்துப்போகச் செய்யும் ஊசி போடுவதும் மருத்துவர் வேலை. வரைவது கலைஞர் வேலை. இரண்டையும் ஒருவரே செய்கிறேன் என்று கிளம்புமிடத்தில்தான் சந்தேகப்பட வேண்டும்.

இதற்கு ஆதாரம் எவ்வளவு என்று கேட்டால், மெலிசுதான். வெளிவந்த கட்டுரைகள் பெரும்பாலும் ஒரு மருத்துவர் தன்னிடம் வந்தவர்களைப் படமெடுத்துத் தொகுத்தவை. செய்து முடித்த உடனே மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்று சொல்லும், பத்தாண்டு கழித்து எப்படி என்று சொல்லாது. அதனால் பார்க்க வேண்டிய படம், முடித்த அன்று ஸ்டூடியோ வெளிச்சத்தில் எடுத்தது அல்ல. மூன்று நான்கு வருடம் பழகிய தலையை, பகல் வெயிலில், எண்ணெய்ப் பளபளப்போடு காட்டச் சொல்ல வேண்டும். புள்ளிக்கு உயரம் கிடையாது. பக்கத்து முடி இரண்டு மூன்று நாள் வளர்ந்தாலே உச்சி தட்டையென்று காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் டிரிம்மர் ஆயுள் முழுக்கக் கூடவே வரும். வழுக்கையில் வெளிச்சம் பட்டு மின்னுவதை அடக்க மேட் லோஷனும் தேவைப்படும். இதெல்லாம் ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள மலிவான சோதனை ஒன்று உண்டு. சலூனுக்குப் போய்த் தலையை ஒட்ட மழித்துக்கொண்டு, ஒரு மாதம் அப்படியே ஆபீசுக்கும் விசேஷத்துக்கும் போய்வரலாம். அந்த ஒரு மாதத்தில், புள்ளியே வேண்டாம், இதுவே நன்றாக இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றிவிடும். எந்த நிலையத்து விளம்பரத்திலும் இந்தச் சோதனை இடம்பெறாததற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.